விளக்கு எரிந்தும் தெரியாத வயரிங் பிழைகள்

புது வீட்டில் வயரிங் வேலை முடிந்ததும் நடக்கும் சோதனை பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்பார்கள். விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, பிளக்கில் டெஸ்டரை வைத்தால் மினுக்குகிறது. உடனே கணக்கைத் தீர்த்து ஆளை அனுப்பிவிடுகிறோம். ஆனால் மின்சாரம் அவ்வளவு கறாரானது இல்லை. போவதற்கு ஒரு வழியும் திரும்புவதற்கு ஒரு வழியும் இருந்தால் அதற்குப் போதும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியே இல்லாமல் கிரைண்டர் ஓடும். சுவிட்ச் தவறான கம்பியில் அமர்ந்திருந்தாலும் விளக்கு எரிந்து அணையும். ஏ.சி.க்குப் போகும் கம்பி பாதித் தடிமனில் இருந்தாலும் அறை குளிரும்.

வயரிங்கில் உள்ள ஆபத்தான பிழைகளில் பல, எந்தப் பொருளையும் ஓடாமல் நிறுத்துவதில்லை. அதனால்தான் அவை ஆண்டுக்கணக்கில் சுவருக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைச் சூடு, வாடை, சத்தம், மினுக்கல், மழை நாளில் மட்டும் வரும் தொல்லை போன்ற வேறு அடையாளங்களைக் கொண்டுதான் பிடிக்க வேண்டும்.

இறுகாத இணைப்பு

'லூஸ் கான்டாக்ட்' என்று வயர்மேன்கள் சாதாரணமாகச் சொல்லும் பிழையிலிருந்து தொடங்குவது நல்லது. பெயரைக் கேட்டால் சில்லறை விஷயம் போலிருக்கும். கணக்கைப் பார்த்தால் அப்படி இருக்காது. 2000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. அதன் பிளக்கிலோ சுவிட்சிலோ ஓர் இணைப்பு இறுகாமல், அரை ஓம் தடையாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் இழக்கும் மின்னழுத்தம் 4 வோல்ட் சொச்சம்தான். கீசருக்கு அது ஒரு பொருட்டே இல்லை; தண்ணீர் வழக்கம்போலச் சுடும். ஆனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஏறத்தாழ 38 வாட் வெப்பம் பிறந்துகொண்டிருக்கிறது. ஈயத்தை உருக்கப் பயன்படும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடக் கூடுதலான சூடு, காற்றோட்டமில்லாத ஒரு பெட்டிக்குள், பிளாஸ்டிக்கும் கம்பி உறையும் சூழ்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. இதைத் தடுக்குமா? தடுக்காது. எம்.சி.பி. பார்ப்பது எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதை மட்டுமே. இறுகாத இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை. தடை சேர்வதால் மிகச் சிறிதளவு குறையத்தான் செய்கிறது. ஆகவே பெட்டியில் உள்ள எல்லா எம்.சி.பி.களும் நிமிர்ந்து நிற்க, பிளக் மட்டும் கருகும். சூட்டில் செம்பின் மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கிறது. கறுத்த பரப்பு இன்னும் கூடுதல் தடை தருகிறது, அது இன்னும் கூடுதல் சூட்டைத் தருகிறது. ஒருமுறை தொடங்கிய கருகல் தானாக நிற்பதில்லை.

அடையாளங்கள் வெளியே தெரியும். கீசரோ அயர்ன் பாக்ஸோ கால் மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கை உருவி, பின்களைத் தொடாமல் அதன் பிளாஸ்டிக் உடலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம்; கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. வெள்ளை பிளக் பாயின்ட்டில் ஓர் ஓட்டையைச் சுற்றி மட்டும் மஞ்சளோ பழுப்போ படர்ந்திருந்தால், அந்தப் பக்க இணைப்புதான் குற்றவாளி. சுவிட்ச் போடும்போது 'சர்ர்' என்ற மெல்லிய பொரியல் சத்தம் கேட்கும். இன்னொன்று வாடை. சுவிட்சுகளும் பிளக்குகளும் செய்யப்படும் சிலவகைப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடை அடிக்கும். சமையலறையில் மீன் இல்லாத நாளில் அந்த வாடை வந்தால் சுவிட்ச் போர்டை மோந்து பார்ப்பது வேடிக்கையான செயல் இல்லை.

இணைப்பு ஏன் இறுகாமல் போகிறது என்பதற்குப் பெரும்பாலும் கைவேலையே காரணம். பல இழைகள் கொண்ட கம்பி திருகின் ஓட்டைக்குள் நுழையவில்லை என்றால், சில இழைகளை வெட்டிவிட்டு மீதியை நுழைப்பார்கள். தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் ஒரே திருகின் கீழ் இருந்தால், திருகு தடித்ததைப் பிடித்துக்கொள்ளும். மெல்லியது சும்மா கிடக்கும். உறையைப் போதிய அளவு உரிக்காமல் விட்டதால் திருகு செம்பின் மேல் உட்காராமல் உறையின் மேல் உட்கார்ந்திருப்பதும் உண்டு. மின்கம்பத்திலிருந்து வரும் அலுமினிய சர்வீஸ் கம்பியும் வீட்டுச் செம்புக் கம்பியும் முறுக்கிச் சேர்க்கப்பட்ட இடம் இன்னொரு தொல்லை. ஈரம் பட்டால் செம்போடு சேர்ந்த அலுமினியம் அரித்துப்போகும். அங்கே முறுக்கி டேப் சுற்றுவது போதாது. இரு உலோகங்களுக்கும் ஏற்ற இணைப்பி வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது குழாய்க்குள் போடப்படும் ஒட்டு. கம்பி இழுக்கும்போது நீளம் பற்றாமல் போனால் முறையான வழி, புதுக் கம்பியை முழு நீளத்துக்கும் இழுப்பது. குறுக்கு வழி, இரண்டு துண்டுகளை முறுக்கி, டேப் சுற்றி, குழாய்க்குள் தள்ளிவிடுவது. சில கோடைகள் போனால் டேப்பின் பசை வறண்டு அவிழும். அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்பது அதைப் போட்டவருக்கு மட்டுமே தெரியும், அவரும் மறந்திருப்பார். ஒட்டு போட்டால் அது கம்பிகள் சேரும், திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள்தான் இருக்க வேண்டும்.

மினுக்கல் எங்கே தொடங்குகிறது

விளக்கு மினுக்கினால் உடனே பல்பை மாற்றுகிறோம். அதற்கு முன் எத்தனை விளக்குகள் மினுக்குகின்றன என்று பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். ஒரே ஒரு விளக்கு என்றால் பல்பு, ஹோல்டர் அல்லது அதன் சுவிட்ச். ஓர் அறை முழுவதும் என்றால் அந்த அறைக்கு வரும் ஜங்ஷன். வீடு முழுவதும் என்றால் மெயின் சுவிட்ச், மீட்டர் அல்லது சர்வீஸ் கம்பி. பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் மினுக்கினால் கம்பத்தில் ஏறிப் பார்க்க வேண்டியது மின்வாரியம்.

இவற்றுள் ஒரு வகை மினுக்கல் மட்டும் தனித்து நிற்கிறது. மோட்டார் போட்டதும் சில விளக்குகள் மங்குகின்றன, அதே நேரத்தில் வேறு சில விளக்குகள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிகின்றன. மங்குவது மட்டும் என்றால் குறைந்த மின்னழுத்தம் என்று சொல்லிவிடலாம். ஒருபக்கம் மங்கி மறுபக்கம் பிரகாசித்தால், மும்முனை (மூன்று ஃபேஸ்) இணைப்பில் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பும் கம்பி, விட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கணமே மெயினை அணைத்துவிட வேண்டும்.

காரணம் இதுதான். மும்முனை இணைப்பில் மின்சாரம் வரும் கம்பியான ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் இடையே 400 வோல்ட். நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரை ஒவ்வொரு பொருளும் தன் 230 வோல்ட்டைப் பெறுகிறது. நியூட்ரல் அறுந்தால் இரண்டு ஃபேஸ்களில் உள்ள பொருள்கள் வரிசையாக இணைந்து 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கீடு சமமாக இருக்காது. ஒரு ஃபேஸில் 2000 வாட் கீசரும் இன்னொன்றில் ஒரு 100 வாட் பல்பும் மட்டும் ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டால், கீசரின் தடை ஏறத்தாழ 26 ஓம், பல்பின் தடை 529 ஓம். 400 வோல்ட்டில் 380 வோல்ட்டுக்கு மேல் பல்பின் தலையில் விழும். பல்புக்குப் பதில் தொலைக்காட்சியோ வைஃபை பெட்டியோ இருந்தால் புகைதான். தெரு முழுவதும் ஒரே இரவில் தொலைக்காட்சிகள் போய்விட்டன என்று கேள்விப்படுகிறோமே, அவற்றுள் பலவற்றின் பின்னால் கம்பத்தில் அறுந்த ஒரு நியூட்ரல் இருக்கும். மும்முனை வீடுகளில் நியூட்ரல் இணைப்புகளைத்தான் முதலில் இறுக்கிப் பார்க்க வேண்டும். அந்தக் கம்பியில் ஃபியூஸோ தனி எம்.சி.பி.யோ இருக்கக் கூடாது.

ஒருமுனை வீட்டில் நியூட்ரல் அறுந்தால் இப்படிச் சேதம் வராது. எதுவும் ஓடாது, அவ்வளவுதான். ஆனால் டெஸ்டர் வைத்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரியும். "இரண்டிலும் கரண்ட் வருகிறது, ஆனால் ஒன்றும் ஓடவில்லை" என்று குழம்புவார்கள். இதில் மாயம் ஒன்றும் இல்லை. எங்கோ போட்டு வைத்திருக்கும் விளக்கின் வழியாக ஃபேஸ், அறுந்த நியூட்ரலின் இந்தப் பக்கத்துக்கு வந்து நிற்கிறது. எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, சொருகியிருக்கும் எல்லாவற்றையும் உருவினால் நியூட்ரல் ஓட்டையில் டெஸ்டர் அணைந்துவிடும். அணைந்தால் நோய் உறுதி. அப்போதும் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரலும் ஃபேஸும் எங்கோ நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

டெஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. அது எரிவதற்கு உடலின் வழியே போகும் அற்ப மின்னோட்டம் போதும். அதனால் அருகில் ஓடும் கம்பியின் தூண்டலால்கூட மங்கலாக எரியும். ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும் அது சொல்லும். நியூட்ரல் இருக்கிறதா, எர்த் இருக்கிறதா, இணைப்பு சுமை தாங்குமா என்பவற்றை அது சொல்லாது. எரியாத டெஸ்டரை நம்பிக் கம்பியைத் தொட்டவர்களும் இருக்கிறார்கள். தடித்த ரப்பர் செருப்பும் டெஸ்டருக்குள் பழுதான நியான் விளக்கும் சேர்ந்தால் போதும். ஹோல்டரில் ஒரு பல்பை மாட்டி இரண்டு கம்பி நீட்டிய பழைய டெஸ்ட் லாம்ப், இந்த விஷயத்தில் டெஸ்டரைவிட நேர்மையானது.

அதைவிட நல்ல சோதனை, சுமை ஏற்றி அளப்பது. பிளக்கில் மல்டிமீட்டர் 230 காட்டுகிறது. அதே போர்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போட்டதும் 205 ஆகிறது, மெயின் போர்டில் மட்டும் இன்னும் 229 நிற்கிறது என்றால், நடுவில் எங்கோ 24 வோல்ட் காணாமல் போகிறது. 4 ஆம்பியரில் 24 வோல்ட் என்றால் 96 வாட். அது சுவருக்குள் எங்கோ ஓரிடத்தில் சூடாகிக்கொண்டிருக்கிறது. வயரிங் வேலை முடிந்ததும் இந்த ஒரு சோதனையை அறைக்கு அறை செய்துகாட்டச் சொன்னால், இளகிய இணைப்புகளில் பெரும்பாலானவை அன்றே அகப்படும். சுமை இல்லாமல் எடுக்கும் 230 என்ற எண்ணுக்கு மதிப்பே இல்லை.

எர்த் என்ற பெயரில்

கிரைண்டரில் மாவு தள்ளும்போது சுருக்கென்று அடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் அடிப்பதில்லை. ஆகவே கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நிரந்தரமாகக் கிடக்கும். இப்படி எத்தனை சமையலறைகள்! கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியில் புறங்கை பட்டால் ஊர்வதுபோல் இருப்பதும் இதே இனம்தான். கணினியின் மின்பகுதியில் உள்ள வடிகட்டி மின்தேக்கிகள் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லையென்றால் உடல் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். அந்த ஊறல் மட்டும் ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த பிளக்கில் எர்த் இல்லை என்பதை அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறது என்று நம்புவது நம் வழக்கம். மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லாத போர்டுகள் ஏராளம். பச்சைக் கம்பி வந்திருந்தாலும் அது எங்கேயும் போய்ச் சேராமல் மெயின் போர்டுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கலாம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் மாட்ட உதவும் அடாப்டர், கம்பி ஒழுங்காக இருக்கும் வீட்டிலும் எர்த்தை வெட்டிவிடுகிறது. பெரிய பின் நீளமாக இருப்பதே, சொருகும்போது எர்த் முதலில் சேர்ந்து உருவும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகத்தான். அந்த ஏற்பாட்டை ஒரு சின்ன அடாப்டர் வீணாக்கிவிடுகிறது.

இதைவிடக் கொடியது பொய் எர்த். எர்த் கம்பி இல்லாத போர்டில், நியூட்ரலிலிருந்து ஒரு சின்னத் துண்டுக் கம்பியை எடுத்து எர்த் ஓட்டையோடு சேர்த்துவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்தால் எரியும். மூன்று விளக்கு உள்ள சோதனை பிளக்கைச் சொருகினாலும் 'சரி' என்றே காட்டும். வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த போர்டுக்கு வரும் நியூட்ரல் என்றைக்காவது கழன்றால், ஃபிரிட்ஜின் உள்ளே ஓடும் ஃபேஸ் அப்படியே கதவின் கைப்பிடிக்கு வந்துவிடும். ஃபிரிட்ஜில் எந்தப் பழுதும் இல்லாமலேயே அது ஆளைத் தூக்கும். வயரிங் தவறுகளில் மன்னிக்கவே முடியாதது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மற்றவை அலட்சியத்தால் நேர்கின்றன. இதைச் செய்பவர் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தே, இருப்பதுபோல் காட்டுகிறார். போர்டைக் கழற்றிப் பார்த்தால் மட்டுமே இது தெரியும். இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. நியூட்ரல் குழாய்க்குள் அறுந்துவிட்டால் புதிதாக இழுக்கச் சோம்பி, எர்த் கம்பியையே நியூட்ரலாக மாட்டிவிடுவார்கள். விளக்கு எரியும். எர்த் குழிக்குப் போகும் இணைப்பு எங்காவது விட்டுப்போகும் நாளில், எர்த் செய்யப்பட்ட எல்லாப் பொருள்களின் உடலிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் ஏறும்.

சரி, முறையாகக் குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்ட எர்த் இருக்கிறது. அது போதுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எர்த் குழியின் தடை 20 ஓம் என்று கொள்வோம். வறண்ட மண்ணில் கோடையில் அது சாதாரணம். கிரைண்டருக்குள் ஃபேஸ் உடலைத் தொட்டுவிட்டால் குழிக்குள் ஓடுவது அதிகபட்சம் 11.5 ஆம்பியர். அந்தச் சுற்றில் (சர்க்யூட்டில்) உள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை ஒரு சாதாரணச் சுமை என்று எண்ணிச் சும்மா இருக்கும். குழி 10 ஓம் என்றால் 23 ஆம்பியர். அப்போதும் எம்.சி.பி. விழ ஏறத்தாழ ஒரு மணி நேரம்வரைகூட ஆகலாம். அதுவரை கிரைண்டரின் உடலில் ஏறத்தாழ முழு மின்னழுத்தமும் நின்றுகொண்டிருக்கும். குழியில் தண்ணீர் ஊற்றினால் தடை குறையும், உண்மைதான். ஆனால் தண்ணீர் ஊற்ற மறந்த வாரத்தில்தான் பழுது வர வேண்டும் என்று விதி இருப்பதுபோல் வரும்.

இந்த இடைவெளியை அடைப்பது ஆர்.சி.சி.பி. அது ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு எங்கோ கசிகிறது என்றால் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். ஈரக் கையுள்ள ஆளின் உடல் தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று கொண்டால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் ஓடும். அது இதயத்தை நிறுத்தப் போதும், எந்த எம்.சி.பி.யையும் விழவைக்கப் போதாது. ஆகவே வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை என்பதே முதல் பிழை. 100 அல்லது 300 என்று எழுதியிருந்தால் அது ஆளைக் காக்கப் போடப்பட்டது இல்லை. இதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அதற்கு அது ஒரு பல்பு எரிவதுபோல்தான் தெரியும்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால்

ஆர்.சி.சி.பி. போட்ட வீடுகளில் நடக்கும் கூத்து வேறு. புதிதாகப் போட்டதும் விழுகிறது. மீண்டும் ஏற்றினால் மீண்டும் விழுகிறது. "இந்த வீட்டுக்கு இது ஒத்துவராது" என்று சொல்லி அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்துவிட்டுப் போவார்கள். பெட்டியில் அது அலங்காரமாக நிற்கும். உண்மையில் அது விழுந்ததே வயரிங்கின் பிழைகளை முதல்முறையாகச் சரியாகப் படித்ததால்தான்.

பெரும்பாலும் காரணம் கலந்த நியூட்ரல். ஹாலின் ஃபேஸ் ஒரு சுற்றிலிருந்து வருகிறது. நியூட்ரலோ அந்த ஆர்.சி.சி.பி. வழியாக வராத, அருகில் கிடைத்த வேறு சுற்றிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. போவது ஒரு வழி, திரும்புவது இன்னொரு வழி என்றால் கணக்கு எப்படிச் சேரும்? விளக்கு நன்றாக எரியும், ஆனால் அந்த சுவிட்சைப் போடும்போதெல்லாம் ஆர்.சி.சி.பி. விழும். தமிழ்நாட்டில் கடுமையான மின்வெட்டு நிலவிய ஆண்டுகளில் அவசரமாக இன்வெர்ட்டர் சேர்த்த வீடுகளில் இது மிகுதி. ஏற்கெனவே போட்ட வயரிங்கிலிருந்து சில விளக்குகளின் ஃபேஸை மட்டும் பிரித்து இன்வெர்ட்டரில் மாட்டினார்கள். நியூட்ரல் பழையபடி எல்லோருக்கும் பொதுவாகவே நின்றது. அந்த வீடுகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மெயினை அணைத்தாலும் சில கம்பிகளில் இன்வெர்ட்டர் மின்சாரம் இருக்கும். போர்டைத் திறப்பவர் மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்திருக்கிறாரா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் வேலையும்தான்.

மழை நாளில் மட்டும் விழுகிறதா? அது கலந்த நியூட்ரல் இல்லை, ஈரம். மொட்டை மாடியில் வாய் திறந்து நிற்கும் குழாயின் வழியாகத் தண்ணீர் இறங்கி, சீலிங்கைக் கடந்து சுவிட்ச் பாக்ஸ்வரை வந்து சேரும். கம்பியின் உறையில் இழுக்கும்போது ஏற்பட்ட கீறல் இருந்தால் அங்கே கசிவு தொடங்கும். இதைத் தேட மெகர் வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, பொருள்களை எல்லாம் உருவிவிட்டு, 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்து உறையின் தடையை அளக்கும் கருவி அது. 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் சுற்றை ஏற்கக் கூடாது. வீட்டு வயரிங்கில் மெகர் பயன்படுத்திச் சோதிப்பவர்கள் அரிது. கேட்டால் அது பெரிய கட்டடங்களுக்கு என்பார்கள். ஈரத்துக்குப் பெரிய கட்டடம், சின்ன வீடு என்ற பேதம் இல்லை.

ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். அந்தப் பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கிறது. எர்த் குழியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மெல்லிய கம்பி, பெரிய எம்.சி.பி.

கம்பியின் தடிமன் பிழை எளிதில் புரியக்கூடியது. விளக்குகளுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் பெரிய கீசருக்கும் 4 என்பது பொதுவான வழக்கம். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 18 ஓம் அளவு. 20 மீட்டர் தூரத்தில் உள்ள 3000 வாட் கீசருக்கு அதை இழுத்துவிட்டால், போகவும் வரவும் 40 மீட்டர் கம்பியில் 120 வாட் சூடு பிறக்கும். பூசிய சுவருக்குள் புதைந்த குழாயில், மற்ற கம்பிகளோடு நெருங்கிக் கிடக்கும்போது அந்தச் சூட்டுக்குப் போக இடமில்லை. உறை மெல்ல மெல்லப் பொரிந்து கெட்டியாகிறது. பழைய போர்டைத் திறந்து கம்பியை மடக்கினால் உறை பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்க்கலாம்.

கம்பி மெல்லியதாக இருந்தாலும் அதற்கு ஏற்ற சிறிய எம்.சி.பி. இருந்தால் அது காப்பாற்றும். அது அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடும்போதுதான் காரியம் கெடுகிறது. எம்.சி.பி. காப்பது கீசரை இல்லை, சுவருக்குள் இருக்கும் கம்பியை. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் எம்.சி.பி. போட்டால், முதலில் எரிய வேண்டியது கம்பிதான் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். பழைய வீடுகளில் ஃபியூஸ் கட்டையில் மெல்லிய ஃபியூஸ் கம்பிக்குப் பதில் செம்பு இழைகளை முறுக்கிப் போட்டிருப்பார்களே, அதன் புது வடிவம்தான் இது.

சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும் பிழையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும்; பல்பு மாற்றும்போது அடிக்கும். அணைத்த எல்.இ.டி. பல்பு இருட்டில் மங்கலாக மினுக்கிக்கொண்டிருப்பது இதன் அறிகுறியாக இருக்கலாம். நீளமான இருவழி சுவிட்ச் கம்பிகளின் தூண்டலாலும், சுவிட்சில் உள்ள சிறு காட்டி விளக்காலும் அப்படி நேரும் என்பதால் டெஸ்டர் வைத்து உறுதி செய்ய வேண்டும். பிளக்கை முன்னால் நின்று பார்த்தால் வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். மாறியிருந்தால் சுவிட்சும் தவறான கம்பியில் இருக்கலாம்.

இத்தனைக்கும் வயர்மேனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நம் ஊரில் வயரிங் கூலி பெரும்பாலும் பாயின்ட் கணக்கு. ஒரு விளக்குக்கு இவ்வளவு, ஒரு பிளக்குக்கு இவ்வளவு. தனியாக எர்த் கம்பி இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் பாயின்ட் ஒன்றுதான். நியூட்ரலை மெயின் பெட்டியிலிருந்து கொண்டுவந்தாலும் பக்கத்து போர்டிலிருந்து தாவ வைத்தாலும் கூலி மாறாது. ஒட்டில்லாமல் முழுக் கம்பி இழுப்பதற்குக் கூடுதலாக எதுவும் கிடையாது. சோதிப்பதற்கு ஒரு பைசாவும் கிடையாது. இப்படிக் கூலி பேசிவிட்டு ஒழுங்கான வேலையை எதிர்பார்ப்பது, அவருடைய நல்ல மனத்தை மட்டும் நம்புவது. சீலிங் போடும்போது குழாய் பதிப்பவர் ஒருவர், சுவரில் காடி எடுப்பவர் இன்னொருவர், கம்பி இழுப்பவர் வேறொருவர், சுவிட்ச் மாட்டுபவர் மற்றொருவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. எந்தக் குழாயில் எது போகிறது என்ற படம் யாரிடமும் இருக்காது. பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படம் எடுத்து வைத்தால், பின்னால் ஆணி அடிக்கும்போதும் பழுது தேடும்போதும் உதவும்.

கூலி பேசும்போதே சோதனைக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவிட்டு, அவற்றைக் கண்முன் செய்துகாட்டச் சொல்லலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் மெகர் அளவு, ஒவ்வொரு பிளக்கிலும் சுமை ஏற்றிய மின்னழுத்தம், எர்த் குழியின் தடை, ஆர்.சி.சி.பி. விழும் விதம். கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும். இவற்றை மின்சாரம் இருக்கும் போர்டைத் திறந்து நாமே செய்ய முயல வேண்டாம். உரிமம் உள்ள ஆளின் வேலை அது.

வீட்டுக்கு வெளியே பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. சர்வீஸ் கம்பி இறங்கும் இரும்புக் குழாயிலோ அதைத் தாங்கும் இழுவைக் கம்பியிலோ துணி காயப்போடும் கம்பியைக் கட்டியிருந்தால் உடனே அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் உரசி உரசி சர்வீஸ் கம்பியின் உறை தேய்ந்து குழாயில் மின்சாரம் ஏறினால், ஈரத் துணியோடு போகும் ஆளை அந்தக் கம்பிதான் அடிக்கும். இந்த இடம் மீட்டருக்கு முன்னால் இருப்பதால் வீட்டுக்குள் உள்ள எந்த ஆர்.சி.சி.பி.யும் இதை அறியாது.

நன்றாகச் செய்த வயரிங்கிலும் திருகுகள் சூடேறி ஆறி, சூடேறி ஆறி நாளடைவில் தளரும். குடிபோன ஓராண்டுக்குப் பிறகு ஒருமுறை மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, பெட்டியின் நியூட்ரல் பட்டையிலும் எம்.சி.பி. முனைகளிலும் 16 ஆம்பியர் பிளக்குகளிலும் உள்ள திருகுகளை எல்லாம் இறுக்கிவிடச் சொல்வது அரைநாள் வேலை. கீசர் பிளக்கிலிருந்து தொடங்கலாம். நாள்தோறும் முழுச் சுமையில் ஓடுவதால் பெரும்பாலும் முதலில் கறுப்பது அதுதான்.